புகையைப் புதைக்க ஊரைக் கேட்ட கதை

டென்மார்க்கில் எதிர்ப்புத் தெரிவிக்கப் போகிறவர்களும் கேக் சுட்டு எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். இங்கே வந்து பதினான்கு வருஷம் ஆகியும் இந்தச் சின்ன விஷயம் எனக்குப் பிடிபடவில்லை என்பது போன வசந்த காலத்தில்தான் தெரிந்தது. அதனால் வந்த வினையைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். எங்கள் ஊர் சின்னமனூரில் இருப்பவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள். என்னைப் போல வெளிநாட்டில் கிடப்பவர்கள் சிரித்து முடித்த பிறகு, நாம் எதையெல்லாம் இப்படித் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறோமோ என்று கொஞ்சம் கலங்குவீர்கள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சிமென்ட் ஆலையும் குப்பை எரிக்கும் உலையும் விடுகிற கரியமில வாயுவை வானத்துக்குப் போகவிடாமல் பிடித்து, அழுத்தித் திரவமாக்கி, பூமிக்குள் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே உப்புநீர் ஊறிக் கிடக்கும் மணற்பாறைக்குள் செலுத்தப் பார்க்கிறார்கள். அந்தப் பாறைக்கு மேலே கெட்டியான களிப்பாறை மூடியாக இருக்க வேண்டும். பாறை விஷயம் ஓரளவு தெரிந்ததுதான். யார் செலவு செய்வது என்பதுதான் எல்லா நாட்டிலும் இழுபறி. புதைத்த புகையை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லையே. அதனால் அரசு ஒரு கையால் புகைக்கு வரி போடுகிறது, இன்னொரு கையால் அதைப் புதைப்பவர்களுக்கு மானியம் கொடுக்கிறது. மானியம் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்துக் குறிப்பு எழுதும் அலுவலகத்தில் நான் நிலவியல் ஆலோசகர். "பொகையப் பொதைக்கிறதுக்குச் சர்க்கார் துட்டுக் குடுக்குதா? நம்ம ஊருல பொணத்தப் பொதைக்கவே எடம் குடுக்க மாட்டேங்கிறாக" என்று என் அக்கா ஒருமுறை கேட்டாள். அவளைப் பொட்டிப்புரம் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவளும் மச்சானும் அங்கே மக்காச்சோளமும் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கிறார்கள்.

ஒரு கிராமத்தின் அடியில் சோதனைக் கிணறு போட ஒரு கம்பெனி கொடுத்த விண்ணப்பம் மூன்று வருஷமாக என் மேசையில் இருந்தது. அந்தப் பாறையின் துண்டுகளை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அருமையான பாறை. கோப்பில் ஒரே ஒரு பகுதிதான் பாக்கி, "உள்ளூர் மக்களின் மனநிலை". மக்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று நான் எழுதினால் இந்த மானியச் சுற்றிலேயே பணம் கிடைத்துவிடும். இல்லையென்றால் அடுத்த சுற்று. அடுத்த சுற்று என்று ஒன்று வருமா என்பது யாருக்கும் தெரியாது. ஆட்சி மாறினால் அந்தப் பணம் சாலைக்குப் போகும், ராணுவத்துக்குப் போகும். ஒரு வாக்கியத்தில் இருந்தது எல்லாம்.

அந்த வாக்கியத்துக்காகத்தான் ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். இங்கே ஒவ்வொரு கிராமத்திலும் ஃபோர்சாம்லிங்ஸ்ஹூஸ் என்று ஒரு பொது மண்டபம் உண்டு. நீள மேசைகள், வெள்ளைக் காகித விரிப்பு, மெழுகுவர்த்தி. நாங்கள் அதிகாரிகள் ஒரு பக்கம், ஊர்க்காரர்கள் எதிர்ப்பக்கம். கீர்ஸ்டன் என்ற அம்மா, எழுபது வயது இருக்கும், பார்லி விவசாயி, ஆப்பிள் கேக் கொண்டுவந்திருந்தார். முதல் துண்டை எனக்குத்தான் வெட்டி வைத்தார். நான் படம் காட்டிப் பேசினேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். ஒருவர் குரலும் உயரவில்லை. "சுவாரசியமாக இருக்கிறது" என்றார் கீர்ஸ்டன். இரண்டாவது சுற்றுக் காப்பி ஊற்றினார்கள், அதையும் குடித்தார்கள். போகும்போது ஒவ்வொருவரும் என் கையைக் குலுக்கி "டாக் ஃபோர் காஃபே", காப்பிக்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பும் ரயிலிலேயே எழுதிவிட்டேன்: உள்ளூர் மக்களுக்கு ஆட்சேபம் இல்லை.

ஏன் அப்படி எழுதினேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் பக்கம் பிடிக்காத வீட்டில் யாராவது கை நனைப்பார்களா? கல்யாணப் பேச்சு முறிந்தால் டம்ளரில் ஊற்றிய காப்பி ஆறிப் போய் அப்படியே இருக்கும். கோபித்துக்கொண்ட சொந்தம் தண்ணீர் வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் போகும். சாப்பிட்டுவிட்டார்கள் என்றால் மனசு ஒத்துவந்துவிட்டது என்று அர்த்தம். பதினான்கு வருஷமாக வேறு நாட்டில் வரி கட்டியும் இந்த அளவுகோல் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. கீர்ஸ்டன் ஊரே கேக் சாப்பிட்டுவிட்டது. வேறென்ன வேண்டும் எனக்கு?

அடுத்த வாரம் கடிதங்கள் வந்தன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒன்று. எல்லாம் மரியாதையான கடிதங்கள், எல்லாம் எதிர்ப்பு. கிணற்றுத் தண்ணீர் என்னாகும், நிலம் அதிருமா, வீட்டை விற்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். கீர்ஸ்டன் கடிதம் சின்னது. "கம்பெனி ஒருநாள் புகையை இறக்கும் கிணற்றை மூடிவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு பொறுப்பு அரசுடையது என்று சட்டம் சொல்கிறது. அரசு எங்கள் ஊரில் குடியிருக்கிறதா? உங்கள் பேச்சு தெளிவாக இருந்தது, நன்றி." நான் அதை மூன்று தடவை படித்தேன். வெட்கமாக இருந்தது. என் வாக்கியம் அதற்குள் மேலிடத்துக்குப் போய்விட்டது. கடிதங்கள் தனிக் கோப்பில் இருக்கும், அதை யாரும் புரட்ட மாட்டார்கள், என் வாக்கியத்தைத்தான் படிப்பார்கள். நான் சும்மா இருந்தாலே போதும், பணம் வந்துவிடும்.

சும்மா இருக்க முடியாமல் போனதற்குக் காரணம் அக்கா. பல வருஷம் முன்பு நான் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, அவள் ஊருக்குப் பக்கத்து மலைக்குள் சுரங்கம் தோண்டி ஓர் ஆய்வுக்கூடம் அமைக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பாறையை வெடிப்பார்களா, தண்ணீர் வற்றுமா, மலைக்குள் எதை வைப்பார்கள் என்று ஊரெல்லாம் பயம். நான் அக்கா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பாடம் எடுத்தேன். ஒன்றும் ஆகாது, நம் உடம்புக்குள்ளேயே நொடிக்கு நொடி புகுந்து போகிற துகளைத்தான் ஆராய்கிறார்கள், விவரம் தெரியாமல் கத்தாதீர்கள் என்றேன். அக்கா குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒன்று சொன்னாள்: "நீ படிச்சவ, சொல்ற. ஆனா நாளன்னைக்கு நீ ஏரோப்ளேன் ஏறிருவ. இங்கன கெடக்கப் போறது நாங்கதான்." நான் சிரித்தேன். மறுநாள் சின்னமனூரில் எங்கள் அப்பா வீட்டுக்கு ஒரு வேலையாக வந்தவள், அம்மா கொடுத்த மோரைத் தொடாமல் திரும்பிப் போனாள். அந்தத் திட்டம் எதிர்ப்பும் வழக்குமாக இழுபட்ட கதை உங்களுக்குத் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. எனக்கும் அக்காவுக்கும் பேச்சு நிற்கவில்லை. பிள்ளைகள் படிப்பு, அப்பாவுக்குச் சர்க்கரை, எல்லாம் பேசுவோம். அந்த மலையை மட்டும் இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு போவோம்.

கடிதங்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூப்பிட்டேன். அவள் எரிச்சலில் இருந்தாள். காலமில்லாத காலத்தில் மழை கொட்டி, களத்தில் காயப்போட்ட மக்காச்சோளம் முளை விட்டிருந்தது. "மாசி மாசத்துல இப்பிடி ஒரு மழைய நான் பாத்ததே இல்லடி. மச்சான் களத்துப் பக்கமே போகாம படுத்துக் கெடக்காக." கேட்கக் கேட்க எனக்கு இரண்டு பக்கமும் இழுத்தது. ஒரு மழையைக் கொண்டு எதையும் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் இந்த வானத்தைச் சூடாக்கிய புகையைக் கொஞ்சமாவது புதைக்கத்தானே நான் இந்த வேலைக்கு வந்தேன்? புதைக்க வேண்டிய இடமோ கீர்ஸ்டனின் வயல்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். கேக் கதையையும் சொன்னேன். அக்கா மெல்லச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"சாப்பிட்டாகன்னு சம்மதம்னு எழுதிப்பிட்டியா? அடி ஆத்தா!"

"அக்கா, அன்னைக்கு ஒங்க ஊருல நான் பேசுனதும் தப்புதான்க்கா."

"எது, மலையப் பத்தியா?" என்று கேட்டாள். அந்தச் சொல்லை அவள் எடுத்தது இத்தனை வருஷத்தில் அன்றுதான். "நீ சொன்னது தப்பா சரியான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாதுடி. மலைக்குள்ள என்ன வைப்பாகன்னு எனக்கென்ன தெரியும்? நீ எங்கள ஒரு வார்த்த கேக்கல. சொல்லிக்கிட்டே இருந்த. அதான் மனசு விட்டுப்போச்சு."

நான் மூக்கை உறிஞ்சினேன். அவளுக்கு அது கேட்டிருக்க வேண்டும். "சரி, அழுகாத. தையில வா. வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போ. நான் ஒண்ணும் எழுதிக்க மாட்டேன்" என்றாள்.

திங்கட்கிழமை என் வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று மேலதிகாரிக்கு எழுதினேன். அவர் நல்ல மனுஷன். "இந்தச் சுற்று போய்விடும், தெரியும்தானே?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். பிறகு அந்த ஊருக்கு இன்னொரு கூட்டம் கேட்டு வாங்கினேன். இங்கே இப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஹோரிங் என்று பெயர், கேட்பது என்று பொருள். முதல் தடவை நான்தான் முக்கால்வாசி நேரம் பேசியிருந்தேன். இந்தத் தடவை படம் எதுவும் கொண்டுபோகவில்லை. நீங்கள் சம்மதித்துவிட்டதாக எழுதினேன், கேக்கைச் சாப்பிட்டதால் அப்படி நினைத்துவிட்டேன், எங்கள் ஊர் வழக்கம் அது என்று எழுந்து நின்று சொன்னேன். மண்டபம் சிரித்தது. கீர்ஸ்டன் சிரிக்கவில்லை.

"உங்கள் சொந்த ஊருக்கு அடியில் இதைச் செய்யச் சொல்வீர்களா?" என்று கேட்டார்.

"சொல்வேன். முன்பு இதைப் போல வேறு ஒன்றுக்குச் சொல்லியும் இருக்கிறேன். சொல்லிவிட்டு விமானம் ஏறி இங்கே வந்துவிட்டேன்" என்றேன். அக்கா கதையைச் சொன்னேன். அதன் பிறகு அவர்கள் பேசினார்கள், நான் எழுதினேன். வேண்டவே வேண்டாம் என்று அவர்களும் சொல்லவில்லை. முதலில் கிணற்றுத் தண்ணீரை ஒரு வருஷம் அளக்க வேண்டும், அளப்பவர் கம்பெனி ஆளாக இருக்கக் கூடாது, ஊரே தனக்கு நம்பிக்கையான நிபுணரை வைத்துக்கொள்ள மானியத்தில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும், அதற்குப் பிறகு வந்து மறுபடி கேளுங்கள் என்றார்கள். அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

இந்தச் சுற்றுப் பணம் கடலுக்கு அடியில் புதைக்கும் வேறொரு திட்டத்துக்குப் போனது. அங்கே கேட்பதற்குக் குடியிருப்பவர்கள் யாரும் இல்லை. செய்தி வந்த அன்று அலுவலகக் கழிப்பறையில் போய் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. மூன்று வருஷத்துப் பாறை அலமாரிக்குள் போய்விட்டது. செய்தது சரி என்று நினைத்தாலும் அக்காவின் களத்தில் முளைத்த மக்காச்சோளம் கண்ணில் வந்துகொண்டே இருந்தது. இரண்டுமே உண்மை. இரண்டையும் ஒரே குறிப்பில் எழுத எனக்கு இன்னும் தெரியவில்லை.

செய்தியை நேரில் சொல்ல வேண்டும் என்று கீர்ஸ்டன் வீட்டுக்குப் போனேன். பார்லி முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. வரப்போரமாக நடந்துகொண்டிருக்கும்போது அக்காவிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. கீர்ஸ்டன் எட்டிப் பார்த்து "இவர்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று கைபேசியைத் திருப்பிக் காட்டினேன்.

"அந்தம்மா என்ன வெதச்சிருக்காக? கோதுமையா?" என்றாள் அக்கா. அவளுக்குப் பின்னால் தென்னையும், அதற்குப் பின்னால் அந்த மலையும் தெரிந்தன. பார்லி என்று சொன்னேன். அந்த மலையா அது என்று கீர்ஸ்டன் கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு கீர்ஸ்டன் குனிந்து வரப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு குளிர்காலம் முடிந்ததும் நிலம் புதிதாகக் கல்லை மேலே தள்ளும், கல்யாணமாகி வந்த நாள் முதல் பொறுக்குகிறேன், இது எங்கள் மண் என்று அவரிடம் சொல்லுங்கள் என்றார். சொன்னேன்.

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. "எங்க காட்லயும் அப்பிடித்தான்! நானும் மச்சானும் பொறுக்குன கல்லுலதான் இந்த வேலியே கட்டுனோம். இது எங்க மண்ணுன்னு அவுககிட்டச் சொல்லுடி."

அதையும் சொன்னேன். கால்மணி நேரம் அவர்கள் இரண்டு பேரும் விடவில்லை. எங்கள் மண், எங்கள் மண் என்று இரண்டு மொழியிலும் நான் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்திலும் நான் ஒரு கல்லும் பொறுக்கியதில்லை.