பயோடேட்டாவில் மூன்று வருஷ மிளகு

மிளகுத் தூசியில் முதல் வாரம்தான் தும்மல் வரும். அப்புறம் மூக்கு பழகிவிடும்... கண் மட்டும் கடைசிவரை எரியும். மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம் ஒரு மிளகுக் கோடவுனில் மூன்று வருஷம் அப்படிக் கண் எரிய உட்கார்ந்திருந்தவள் நான். அதுவும் பி.எஸ்சி. பாட்டனியில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிய கையோடு!

அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார். தென்காசிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்த குடும்பம், கைகொடுக்க ஆள் கிடையாது. அம்மா ஏற்கெனவே அந்தக் கோடவுனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சலித்து, முறத்தில் புடைத்து, காம்பையும் கல்லையும் உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மணிகளையும் பொறுக்கித் தள்ள வேண்டும். அந்த வேலைக்கு அங்கே கார்பிளிங் என்று பேர்.

அதற்கப்புறம்தான் எம்.எஸ்சி. படித்தேன். எழுபதுகளின் கடைசி அது. பி.எச்டி.க்கு அப்ளை பண்ண பயோடேட்டா கேட்டார்கள். சி.வி. என்ற பேரெல்லாம் அப்போது எங்கள் காதில் விழுந்ததில்லை.

கைப்பட எழுதிக்கொண்டு, போட் ஏறி எறணாகுளம் போனேன். பிராட்வேயில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அங்கே டைப் அடிக்கிறவர் விஜயன் சேட்டன். மலையாளி, தமிழையும் கலந்து பேசுவார். நான் கொடுத்த பேப்பரில் எக்ஸ்பீரியன்ஸ் என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரிதான் இருந்தது... பெப்பர் கார்பிளிங், மூன்று வருஷம், மட்டாஞ்சேரி.

சேட்டன் அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"மோளே, இது வேண்டா. வீட்டில இருந்து டியூஷன் எடுத்தேன்னு அடிக்கட்டா? அது மதி, போதும்."

"பொய் சொல்லவா சேட்டா?"

"பொய் அல்ல மோளே, ஒரு மரியாதைக்கு."

மேசையிலிருந்த குட்டி டிக்‌ஷனரியை வேறு புரட்டிக் காட்டினார். "இதா, நோக்கு. கார்பிள்னா தாறுமாறாக் குழப்பறதுன்னு போட்டிருக்கு. படிச்ச ஆளுக சிரிக்கும், கேட்டோ."

எனக்கு வந்ததே கோபம்! மூன்று வருஷத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னால் எப்படி? டியூஷன் என்றால் மரியாதை, மிளகு என்றால் கேவலமா? அந்தத் தெருவே மிளகில்தான் சோறு தின்றது.

"சிரிச்சா சிரிக்கட்டும் சேட்டா, அடிங்க. பெரிய எழுத்துலயே அடிங்க" என்றேன். அடித்தார், பாவம்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவும் அதே பாட்டு.

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? அதப் போயி யாராவது எழுதுவாளா? சீட்டு கிடைக்கலேன்னா திரும்பவும் அங்கன வந்துதான் உட்காரணும், பாத்துக்க."

பயம் எனக்கும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்னொரு வருஷம் காத்திருக்க வீட்டில் வழியில்லை. இந்தத் தடவை தவறினால் படிப்பு அத்தோடு சரி.

இன்டர்வியூவில் சிரிக்கத்தான் செய்தார்கள். கமிட்டியில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பயோடேட்டாவை விரலால் தட்டி, "மூணு வருஷமா எதைக் குழப்பிட்டிருந்தீங்க?" என்று இங்கிலீஷில் கேட்டார். மற்ற இரண்டு பேரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

என் வாய் சும்மா இருக்குமா...

"சார், உங்க டிக்‌ஷனரியில அது குழப்பறது. எங்க மட்டாஞ்சேரியில அது சுத்தம் பண்றது. நாங்க அதைச் செய்யலேன்னா மிளகு கப்பல் ஏறாது" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

சிரிப்பு நின்றது. ஓரமாக இருந்த மேடம் லேபிலிருந்து ஒரு பாட்டில் மிளகை வரவழைத்து மேசையில் கொட்டினார். பொக்கு எது, பிரித்துக் காட்டுங்கள் என்றார். விரலால் உருட்டி உருட்டி இருபது மணியை ஒதுக்கினேன். அவர் பேப்பர் வெயிட்டால் ஒவ்வொன்றாக நசுக்கினார். பத்தொன்பது வெறும் தோல்! ஒன்று மட்டும் நல்ல மணி. அது என் தப்பு என்று ஒப்புக்கொண்டேன். இந்தப் பொக்கு ஏன் விழுகிறது என்று ஆராயத்தான் வந்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

சீட் கிடைத்தது.

இப்போது நான் ரிட்டயரும் ஆகிவிட்டேன். சி.வி. பதினெட்டுப் பக்கம். எல்லாம் கம்ப்யூட்டரில்... ஒரு தட்டு தட்டினால் வரி வரும், இன்னொரு தட்டில் போகும். அன்றைக்கு ஒரு எழுத்து தப்பினாலும் முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, ஒவ்வொரு வரிக்கும் சண்டை போட்டோம்.

போன வாரம் ஒரு செமினாருக்காக அதைச் சுருக்கிக் கொடுத்த இளம் லெக்சரர், "மேடம், அந்த பெப்பர் லைனை டெலீட் பண்ணிடட்டுமா? இப்ப யாரும் இதெல்லாம் போடறதில்லை" என்றார். கையை எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. இங்கே உங்களிடம் சொல்கிறேன்.

சீட் கிடைத்த லெட்டர் வந்த அன்று, அப்படி என்னதான் எழுதினாய் என்று அம்மா அந்த பயோடேட்டாவின் கார்பன் காப்பியைக் கேட்டு வாங்கினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தமிழும் சரி, மலையாளமும் சரி. இரண்டு பக்கத்தையும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"ஏட்டி... இது நம்ம சாக்குல அடிச்சிருக்குற எழுத்துல்லா? கடைசியில மட்டும் கொஞ்சம் மாறிக் கிடக்கு."

கப்பலுக்குப் போகிற சாக்கு ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் கார்பிள்டு என்று அடித்திருக்கும். என் பேப்பரில் கார்பிளிங். வித்தியாசம் அந்த வால்தான், அதையும் கண்டுபிடித்துவிட்டாள்!

நான் இதுவரை எழுதிய அத்தனை பக்கத்திலும் என் அம்மாவால் படிக்க முடிந்தது அந்த ஒரு சொல்லைத்தான். எவன் சொன்னாலும் அதை எடுக்க மாட்டேன்.