ஐந்நூறு எம்.எம். லென்ஸில் மாப்பிள்ளை

எனக்கு எதையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் சீலை விரலால் தடவிப் பார்ப்பேன். பஸ்ஸின் நெற்றியில் ‘சிதம்பரம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் கண்டக்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன். என் தங்கை என்னை வீட்டுக்குள் ‘சிஐடி’ என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும், ஏமாறுகிறவனுக்குத்தானே வலி என்று நானும் விட்டுவிடுவேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ். பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறியிருந்த சமயம். இரண்டாயிரத்து ஒன்பதில் பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குத் திரும்பினார். அவரிடமிருந்து ரஷ்யாவில் செய்த பழைய மிரர் லென்ஸ் ஒன்று என் கைக்கு வந்தது. குட்டையாக, குண்டாக, பொட்டுக்கடலை டப்பா மாதிரி இருந்தது. முன்பக்கக் கண்ணாடியின் நட்டநடுவில் கறுப்பாக ஒரு வட்டம் அடைத்திருந்தது. பார்த்ததுமே சந்தேகம். “நடுவுல அடைச்சி வச்சிருக்கே, இதுல எப்பிடிங்க வெளிச்சம் போவும்?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். உள்ளே இரண்டு கண்ணாடிகள், நாம் முகம் பார்க்கிறோமே அந்த மாதிரி. வெளிச்சம் பின்னால் போய்ப் பட்டு, முன்னால் திரும்பி வந்து, கறுப்பு வட்டத்தின் முதுகில் பட்டு, மறுபடியும் பின்னால் போகும். முழ நீளம் இருக்க வேண்டிய ஐந்நூறு எம்.எம். லென்ஸ் ஒரு சாணுக்குள் அடங்கியது அப்படித்தான்.

என் டிஜிட்டல் கேமராவில் அதை மாட்ட நடுவில் ஒரு வளையம் வேண்டியிருந்தது. மாட்டினால் கேமராவுக்கு லென்ஸ் இருப்பதே தெரியாது, திரையில் எஃப் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வெறும் இரண்டு கோடு காட்டும். ஃபோகஸ் கையால்தான். மூச்சு விட்டால் படம் ஆடும். ஆனால் டிஜிட்டலில் பிலிமுக்குப் பதிலாக இருக்கிற சென்சார் சின்னது என்பதால், பிலிமில் காட்டியதைவிட ஒன்றரை மடங்கு கிட்டத்தில் இழுத்துக் காட்டும். ஃபோகஸுக்கு வெளியே இருக்கிற விளக்கெல்லாம் நடுவில் ஓட்டை விழுந்து உளுந்து வடையாகிவிடும், கம்பியோ கயிறோ இரட்டைக் கோடாகிவிடும். ஒரு வளைகாப்பில் எடுத்துக் காட்டினேன். “படம் பூரா வடை வடையா இருக்குதே, கம்ப்யூட்டர்ல போட்டியா?” என்று கேட்டார்கள். அதோடு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அந்த வருஷம்தான் தங்கைக்கு வரன் வந்தது. அப்பா இல்லை, எல்லாம் நான்தான் பார்க்க வேண்டும். அவள் திருப்பாப்புலியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். மாப்பிள்ளை சிதம்பரம் கீழவீதியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தார். அதற்கு முன் இரண்டு வரனை வேண்டாம் என்றவள், இவர் வந்து பஜ்ஜி சாப்பிட்டுப் போனதும் “சரி” என்று ஒரே வார்த்தை சொன்னாள். பிறகு தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பாட்டு முணுமுணுத்தாள். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம் என்று பேச்சு.

நான் விசாரிக்கப் போனேன். விசாரிக்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் பெண் கொடுப்பதில்லை. டீக்கடை, சலூன், அவர் தெருவில் இஸ்திரி போடுகிறவர் என்று ஒரு ஆளை விடவில்லை. எல்லாரும் “தங்கமான புள்ளைங்க” என்றே சொன்னார்கள். குடி இல்லை, சிகரெட் இல்லை, சொந்தக் கடை. அப்புறம் ஏன்யா முப்பத்தொரு வயது வரைக்கும் கல்யாணம் ஆகவில்லை? எனக்குத் தூக்கம் போனது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எரிகிறதில் எண்ணெய் ஊற்றினார்: “எல்லாரும் ஒரே மாரி நல்லவன்னு சொல்றாங்கன்னா, சொல்லி வச்சிருக்கான்னு அர்த்தம். நீ கண்ணால பாருடா.”

வியாழக்கிழமை பீரோவைத் திறந்து லென்ஸை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். கீழவீதியின் கோடியில் எனக்குத் தெரிந்த ஒருவரின் ஸ்டுடியோ இருந்தது. கதவுக்கு உள்ளே, வெளியிலிருந்து தெரியாதபடி, ஸ்டாண்டு போட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் கடை அங்கிருந்து இருநூறு மீட்டராவது இருக்கும். லென்ஸிலோ அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவின் மூடி தெரிந்தது. கடை ஷட்டரைத் தூக்கினார். வாசலில் தண்ணீர் தெளித்தார். ஒரு கிழவருக்குச் செல்போனை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தார். இவ்வளவு நல்லவனாக ஒருவன் இருப்பானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினோரு மணி இருக்கும். மனுஷன் வாசலுக்கு வந்து, பக்கவாட்டில் திரும்பி நின்று, முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். அவர் தோளை ஒட்டிப் பச்சைச் சுடிதாரில் ஒரு பெண். அவளும் சிரிக்கிறாள். இடுப்புக்குக் கீழே வரிசையாக நிறுத்திய பைக்குகள் மறைத்தன. அடப்பாவி! இரண்டு தடவை அமுக்கினேன். குறுக்கே ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. அது போனபோது இரண்டு பேரையும் காணோம்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன். அவர் பேனா மூடி துல்லியம். அந்தப் பெண்ணின் கைப்பை வார் மட்டும் லேசாக இரண்டு கோடாகத் தெரிந்தது. இதை இன்றுவரை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை: அந்த இரட்டைக் கோடு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த லென்ஸோடு எத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்! ஆனாலும் அவள் அசைந்திருப்பாள், ஸ்டாண்டு ஆடியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பிரிண்ட் போட்டேன்.

“பாத்தியா, நான் அன்னிக்கே சொல்லல?” என்றார் மாமா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தங்கை படத்தை வாங்கி விளக்குக்குக் கீழே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

“இந்தப் பொண்ணு யாருன்னு அவுங்கள கேட்டியாண்ணா?”

“கேக்க வேற வேணுமா? கண்ணு இல்லியா ஒனக்கு?”

மறுநாள் காலையிலேயே மாமா மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு, “கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாங்க” என்றார். எங்கள் ஊரில் தள்ளிப் போடுவது என்றால் முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தானாகவே வந்து, “ண்ணா, பீச்சுக்குப் போலாம் வா. அந்த லென்ஸ்லயே என்னைய ஒரு படம் எடு” என்றாள். அப்பாடா, மனசு மாறிவிட்டது, அடுத்த வரனுக்குப் படம் ஆயிற்று என்று எனக்கு ஒரே சந்தோஷம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் என்னை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அவள் பாட்டுக்கு மணலில் நடந்துகொண்டே போனாள். பொட்டாகத் தெரிகிற தூரம் போய் நின்று, கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தாள், கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தாள். பிறகு தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டு கையைக் காட்டினாள். எடுத்தேன்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவள் கேமராவைப் பிடுங்கி, பிளஸ் பட்டனை அமுக்கி அமுக்கிப் பெரிதாக்கி என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். கோடு போட்ட பனியன் போட்ட ஒருவனுடைய தோளில் என் தங்கை தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள்.

“எவன்டீ இவன்?” என்று கத்திவிட்டேன்.

“எனக்கு என்னா தெரியும்? அங்க படகுக்குப் பக்கத்துல மாங்கா தின்னுகிட்டு நிக்கிறான். போயி கேளு.”

நிமிர்ந்து பார்த்தேன். அவள் நின்ற இடத்துக்கும் எவ்வளவோ பின்னால், தன் பாட்டுக்கு ஒருவன் நின்றுகொண்டிருந்தான். என்னை இழுத்துக்கொண்டு போய், தன் காலடித் தடத்திலிருந்து அவன் வரைக்கும் நடக்க வைத்தாள். நாற்பது அடிக்கு மேல் வந்தது. மாங்காய் தின்றவன் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்தான்.

“தெனம் மைக்ராஸ்கோப்புல பாக்கறவ நான், அண்ணா. ரெண்டு செல்லு ஒட்டிக்கிட்ட மாரியே இருக்கும். குமிழ லேசா திருப்பினா ஒண்ணு மேல கெடக்கும், ஒண்ணு கீழ கெடக்கும். அந்தப் பொண்ணு பை வாரு ரெண்டா இருந்துச்சே, நீ பாக்கல?”

நான் மணலைப் பார்த்தேன்.

“பாத்திருக்க” என்றாள். “சந்தேகம் அவுரு மேல மட்டுந்தான் வருமா? ஒன் லென்ஸ் மேல வராதா?”

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை நேராகக் கீழவீதிக்குப் போனேன். அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, “வாங்க மச்சான்” என்றார். தள்ளிப் போட்ட வீட்டுக்காரனை மச்சான் என்கிறாரே, இதில் ஏதாவது உள்குத்து இருக்குமோ என்று அப்போதும் என் புத்தி போயிற்று. எல்லாவற்றையும் சொல்லிப் படத்தை நீட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கடைப் படியில் உட்கார்ந்து படத்தையே பார்த்தார்.

“இந்தப் பொண்ணு யாருன்னே தெரில. அந்த மருந்துக் கடை வாசல்ல நின்னிருக்கும்” என்று நான்கு கடை தள்ளிக் காட்டினார். “இது எப்ப எடுத்தீங்க?”

“வியாழக்கெழம. பதினோரு மணி.”

“ஒங்க தங்கச்சிக்கு லேபுல டீ டைம்” என்றார். படத்தில் மறைந்திருந்த பக்கத்துக் காதைத் தொட்டுக் காட்டினார். “போன் இந்தக் காதுல இருக்கு. ஒங்களுக்குத் தெரியாது.” படத்தை மறுபடியும் பார்த்துவிட்டு, “இத நானே வச்சிக்கட்டுமா மச்சான்? அவுங்களோட பேசறப்ப என் மூஞ்சி இப்பிடித்தான் இருக்குமா?” என்று கேட்டார்.

கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். நெஞ்சு இளகித்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் பரங்கிப்பேட்டை முக்கு தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டது. டீ டைம் என்று யார் வேண்டுமானாலும் கதை சொல்லலாமே? போன் இருந்ததை யார் பார்த்தார்கள்? வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். படம் எடுத்த நேரம், பதினொன்று நாலு. தங்கை குளிக்கப் போயிருந்தாள். அவள் செல்போன் டிவி மேல் கிடந்தது. எடுத்து, வந்த அழைப்புகளில் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். வியாழன், பதினொன்று ஒன்று. அவர் நம்பர்தான். பத்து நிமிஷம் பேசியிருந்தார்கள்.

நிமிர்ந்தால், தலையில் துண்டோடு வாசற்படியில் அவள் நின்றுகொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது.

“சரியா இருக்கா?” என்றாள்.

நான் போனை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். கோபமே இல்லாமல், சாமான் வாங்கச் சொல்கிற மாதிரி சொன்னாள்:

“கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க வேற யாரயாவது சொல்லிடு.”

ஊரில் பாதிக் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் நான். சொன்னேன். விழுப்புரத்திலிருந்து ஒருவர் வந்து எடுத்தார்.