மனைவியின் தம்பி

எண்பதுகளின் நடுவில் ஆவடியில் ஓர் அரசுத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்து மூன்று. என் கருத்துகளுக்கு அறுபது இருக்கும். வேலைநிறுத்தம் தவறு, இலவசம் தவறு, சினிமாக்காரர்களுக்கு ஓட்டுப் போடுவது தவறு, சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிடுவது தவறு. இந்த நாட்டுக்கு வேண்டியது ஒழுங்கு என்று நம்பினேன். நூலகத்தில் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை இரண்டு முறை படிப்பேன். முதல் முறை கருத்துக்கு, இரண்டாம் முறை அரைப்புள்ளிகளுக்கு. அரசு ஊழியன் அரசியலில் ஈடுபடக் கூடாது என்கிறது நடத்தை விதி. ஆகவே நான் எந்தக் கட்சியிலும் இல்லை. எல்லாக் கட்சிகளையும் வெறுப்பதற்கு விதியில் தடை எதுவும் இல்லை.

தெற்கே இரண்டு ஜில்லாக்களைத் தாண்டி வந்தவனுக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. குவார்ட்டர்ஸுக்கு மனுப் போட்டேன். முதுநிலைப் பட்டியலில் என் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தால், முறை வருவதற்குள் பணி ஓய்வு வந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டும் டர்னர் ஒருவர் தன் குவார்ட்டர்ஸின் முன்னறையை எனக்கு விட்டார். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர். அவர், அவர் மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் முருங்கை மரம்.

குவார்ட்டர்ஸை உள்வாடகைக்கு விடக் கூடாது. உறவினரை உடன் வைத்துக்கொள்ளலாம், வீடுகளை ஒதுக்கும் எஸ்டேட் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. முன்னறையில் குடியிருக்கும் எவனும் பதிவேட்டில் வீட்டுக்காரரின் மனைவிக்குத் தம்பி. ஆண்டுக்கு ஒருமுறை எஸ்டேட் மேற்பார்வையாளர் பதிவேட்டோடு வருவார். "இவர்?" என்பார். "என் தம்பி சார்" என்பார்கள் அக்காமார்கள். அவர் ஒரு டிக் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். எதிர் பிளாக்கில் ஓர் அம்மாளுக்கு மூன்று தம்பிகள். மூவருக்கும் மூன்று தாய்மொழி. மேற்பார்வையாளர் மூன்று டிக் போட்டார்.

என் விஷயத்தில் டர்னர்தான் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளில் என் கையெழுத்து இல்லை. அதனால் அந்தப் பொய்யில் எனக்குப் பங்கில்லை என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அப்படி விளக்கம் சொல்வதில் எனக்கு அப்போதே நல்ல தேர்ச்சி.

எங்கள் வீட்டு அம்மாள் பதிவேட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. "தம்பி, சாப்ட்டியா? எண்ணெய் தேச்சுக் குளி, கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு" என்பார். டர்னர் முதல் ஷிப்ட் முடிந்து வந்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கூப்பிடுவார்:

"இன்னா மச்சான், பேப்பர்ல இன்னா போட்டுகிறான்?"

"பற்றாக்குறை அதிகமாயிட்டே போகுதாம்."

"எங்க ஊட்லயும் அதான் கீது. இதுக்கு எதுக்கு இங்கிலீஷ் பேப்பரு?"

ஞாயிறு மாலை தொலைக்காட்சிப் படத்துக்கு அக்கம்பக்கத்தார் எல்லாரும் எங்கள் முன்னறையில் கூடுவார்கள். அது என் அறை என்பதால் நானும் அங்கேயே இருந்தாக வேண்டும். தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புத்தகம் படிப்பேன். "மச்சான் முதுகாலயே படம் பாக்குறாரு பாரு" என்பார் டர்னர். கூட்டம் சிரிக்கும். சண்டைக் காட்சிகளில் நான் பக்கம் புரட்டுவதில்லை என்பதை அந்தக் குழந்தைதான் கண்டுபிடித்தாள். பெரிய மனசு, யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு வீடியோ டெக் வந்தது. மனமகிழ் மன்றக் கூடத்தில் ஞாயிறு பிற்பகல்களில் வாடகை டெக்கில் வரிசையாக மூன்று படங்கள் போட ஆரம்பித்தார்கள். கூடத்தின் ஒலிபெருக்கி எங்கள் ஜன்னலைப் பார்த்திருந்தது. அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தேர்தல் அறிவித்தார்கள். இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு கட்சித் தலைவரின் சுற்றுப்பயணக் கேசட்டைப் போட்டார்கள். மத்திய அரசுக் கட்டடத்தில், மத்திய அரசு மின்சாரத்தில், மத்திய அரசு ஊழியர்கள் விசிலடித்தார்கள். அடுத்த வாரம் எதிர்க் கட்சிக்காரர்கள் தங்கள் தலைவரின் கேசட்டைக் கொண்டுவந்தார்கள். அதற்கும் அதே விசில், அதே ஆட்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நம்பிக்கையோடாவது விசிலடிக்கலாம் அல்லவா?

புகார் எழுதினேன்.

மொட்டைக் கடுதாசி எழுதுவது குவார்ட்டர்ஸின் இரண்டாவது பொழுதுபோக்கு. பெயரும் முகவரியும் இல்லாத கடிதத்தின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்று சுற்றறிக்கை இருக்கிறது. அது எழுதுகிறவர்களுக்கும் தெரியும். யாருக்கும் கெடுதல் வராமல் மனம் ஆறிவிடும், அவ்வளவுதான். நானோ பெயர், பதவி, பிரிவு எல்லாம் போட்டேன். இடப்பக்கம் மேலே 'அனுப்புநர்' என்பதன் கீழ் பிளாக் எண், வீட்டு எண். இரண்டு பிரதி. பிரிவு மேற்பார்வையாளர் மூலம், முறையான வழியில். அதைப் படித்துவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கையெழுத்து போட்டிருக்கீங்க" என்றார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

கையெழுத்துள்ள புகார் வந்தால் முதலில் செய்ய வேண்டியது புகாரைப் படிப்பது அல்ல. புகார்தாரர் உண்மையானவர்தானா என்று பார்ப்பது. பிற்காலத்தில் இருபது ஆண்டுகள் அந்த வேலையை நானே செய்தேன், குறை சொல்ல எதுவுமில்லை. முகவரி சரியா என்று எஸ்டேட் ஆபீசைக் கேட்டார்கள். 'ஒதுக்கீடு பெற்றவரின் மனைவியின் தம்பி' என்று பதில் வந்தது. ஆள் சரியா என்று என் பணிப் பதிவேட்டைப் பார்த்தார்கள். சேர்ந்த அன்று நான் என் கையால் நிரப்பிய குடும்ப விவரப் படிவம் அதில் இருந்தது. உடன்பிறந்தோர்: இல்லை. இரண்டு தாள்களும் ஒரே கோப்பில் சேர்ந்தபோது கேசட் விவகாரம் காணாமல் போய், விசாரணை டர்னரின் வீட்டைப் பற்றியதாக மாறியது. உள்வாடகை நிரூபணமானால் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும்; ஐந்து ஆண்டுகளுக்கு வேறு குவார்ட்டர்ஸ் கேட்க முடியாது. குவார்ட்டர்ஸ் போனால் உள்ளே இருக்கும் பள்ளிக்கூடத்தில் குழந்தையின் இடமும் போகும்.

டர்னர் கோபப்படவே இல்லை. "அட்ரஸ் எதுக்கு மச்சான் போட்ட?" என்று மட்டும் கேட்டார்.

"போடலேன்னா நடவடிக்கை எடுக்க மாட்டாங்க."

"இப்ப எட்த்துட்டாங்க."

விசாரணை அன்று காலை அந்த அம்மாள் தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றபடியே பேசினார். "தம்பி, நான் உன் பெரியம்மா பொண்ணு. அத மட்டும் சொல்லு. வேற எதுவும் சொல்லாத." நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தோசை வைத்தார். அதையும் சாப்பிட்டேன்.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தவர், யாரையும் எங்கிருந்தும் வெளியேற்றும் ஆசை அவருக்கு இல்லை. மேஜையில் பதிவேடும் படிவமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"கூடப் பிறந்தவங்க இல்லேன்னு இதுல எழுதியிருக்கீங்க. சரி. ஆனா நம்ம ஊர்ல சித்தி பொண்ணும் அக்காதான், பெரியம்மா பொண்ணும் அக்காதான். படிவத்துல அதுக்குக் கட்டம் கிடையாது. அந்த மாதிரி ஏதாவது உறவா?"

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் படிவத்தில் என் கையெழுத்தைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடினார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்."

இப்படி ஒரு சலுகையை அதற்குப் பிறகு எந்த விசாரணையிலும் நான் பார்த்ததில்லை. அறையில் நானும் டர்னரும் மட்டும் இருந்தோம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரே வார்த்த மச்சான். பெரிம்மா பொண்ணு. பெரிம்மா செத்துட்டாங்கன்னு சொல்லிடு. எவன் போய்ப் பாக்கப் போறான்?"

"வாக்குமூலத்துல கையெழுத்துப் போடணும்."

"கையெழுத்துதானே?" என்று சிரித்தார். அவர் கையெழுத்துப் போட்டுத்தான் எனக்கு ஒரு கூரை கிடைத்திருந்தது என்பதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை. "ஒயுங்கு ஒயுங்குன்னுவியே, ஒரு ஊட்ட ஒயுங்கா வச்சிக்கறதுக்கு ஒரு பொய் சொன்னா தப்பா?"

அதிகாரி டீயை மெதுவாகவே குடித்திருக்க வேண்டும். நேரம் நிறைய இருந்தது. பொய் வாக்குமூலம் ஒழுங்கீனம். எல்லாரும் செய்வதால் அது சரியாகிவிடாது. இப்படி ஆளுக்கொரு பொய்யாகச் சேர்ந்துதான் நாடு இந்த நிலைக்கு வந்தது. இப்படியெல்லாம் நினைத்தேன். என் தகுதிகாண் பருவம் முடிய நான்கு மாதங்கள் இருந்தன என்பதையும் நினைத்தேன். எது முதலில் தோன்றியது என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முடியவில்லை என்பதே பதில்தான்.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க."

"உறவு எதுவும் இல்லை சார். வாடகைக்கு இருக்கேன்."

அவர் மறுபடி பேனாவைத் திறந்தார். பிறகு எழுதினார். தாளை என் பக்கம் திருப்பி, கையெழுத்து இடத்தை விரலால் காட்டினார். நான் தேதியும் சேர்த்துப் போட்டேன்.

வராந்தாவில் டர்னர் செருப்பை மாட்டிக்கொண்டே, "வா சார், போலாம்" என்றார்.

வெளியேற்ற உத்தரவு எங்கள் பிரிவில்தான் தட்டச்சானது. சரிபார்க்க என் மேஜைக்கு வந்தது. வீட்டு எண்ணில் ஒரு தவறு இருந்தது. திருத்தினேன். அதை அப்படியே விட்டிருந்தால் உத்தரவு இன்னும் ஒரு மாதம் இழுத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். கை அதற்குள் திருத்திவிட்டது.

என் புகாரும் முடிவுக்கு வந்தது. புகார்தாரர் உண்மையானவர் என்று தெளிவாகிறது, தேர்தல் முடிந்துவிட்டபடியால் மேல்நடவடிக்கை தேவையில்லை, கோப்பு முடிக்கப்படுகிறது. டெக்கை ஒழுங்குபடுத்த ஒரு குழு போட்டார்கள். இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை இருப்பதாகச் சொல்லி என்னை அதில் உறுப்பினராக்கினார்கள். பல ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கூடத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்சேபகரமாக எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகவே இருக்கும்.

அந்தப் பதினைந்து நாளும் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். போக இடம் இல்லை. அம்மாள் வேளாவேளைக்குத் தட்டை முன்னறை வாசலில் வைத்தார். "சாப்டுங்க" என்பார். அந்த 'ங்க'வை அவர் எனக்கு அதுவரை போட்டதில்லை. குழந்தை என்னைத் தாண்டிப் போகும்போது ஓடினாள்.

காலி செய்த அன்று சாமான் ஏற்ற மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்தது. பிளாக்கே திரண்டு சாமான் ஏற்றியது. தொலைக்காட்சியின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். யாரோ ஒருவர் என் கையை எடுத்துவிட்டுத் தான் பிடித்துக்கொண்டார். எதிர் பிளாக்கின் மூன்று தம்பிகளில் ஒருவர். என்னைத் திட்டக்கூட இல்லை. நானும் என் டிரங்குப் பெட்டியோடு பட்டாபிராமில் ஓர் அறைக்குப் போனேன். அவர்கள் திருநின்றவூரில், ஏரிக்கு அப்பால், ஓட்டு வீடு ஒன்றுக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் ஆண்டு முடியும் வரை விட்டார்கள். அதற்குப் பிறகு குழந்தை எங்கே படித்தாள் என்று தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இருக்கவில்லை.

ஒரே ரயில், ஒரே திசை. வருடக் கணக்கில் ஆவடி நடைமேடையில் அவரைப் பார்த்தேன். நான் நிற்கும் இடம் தெரிந்தால் அவர் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவார். ஐந்து ஆண்டுத் தடை முடிந்ததும் நானே அவருக்காக மனுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். அவர் விண்ணப்பிக்கவே இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு மேற்பார்வையாளர் பதவி உயர்வு வந்த வாரம், ஒரு மாலை, ரயில் தாமதம். நடைமேடையில் ஒரே ஒரு பெஞ்சு நிழலில் இருந்தது. அவர் அதில் உட்கார்ந்திருந்தார். போய் உட்கார்ந்தேன். எழுந்து போகவில்லை.

"அன்னிக்கு நான் பொய் சொல்லியிருக்கணும்" என்றேன். பல வருடங்களாக மனதில் வரைவு எழுதித் திருத்தி வைத்திருந்த வாக்கியம்.

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பொய் சொன்னவன்னு வய்யி, ஒருநாள் நல்லா நாலு சாத்து சாத்தீட்டு அப்பால சேத்துக்கலாம் சார். நீ உண்மயதானே சொன்ன. உன்ன இன்னா பண்றது?"

"வீட்ல எப்படி இருக்காங்க?"

"கீறாங்க."

ரயில் வந்தது. அவர் முன்னால் நடந்து போய்ச் சரக்குக் கூடைக்காரர்கள் ஏறும் பெட்டியில் ஏறினார். நான் வழக்கமான பெட்டியில் ஏறிப் பட்டாபிராமில் இறங்கினேன். வண்டி திருநின்றவூர்ப் பக்கம் நகரும் வரை நடைமேடையில் நின்றேன். கூட்டத்தில் அவர் முகம் தெரியவில்லை.