சுண்ணாம்பு அடித்த மேல் டிவிசன்

ஊர்களைத் தரம் பிரிப்பது, தேநீர் வாங்கிக் குடித்த வீட்டுக்கே எழுந்ததும் மார்க் போடும் தொழில். பிறர் அடுப்படியை எட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்கியவர்களுக்கு என் சங்கடம் புரியும். தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கை மலையகத்து அட்டனில் ஓர் அபிவிருத்தி அலுவலகத்துக்காகத் தேயிலைத் தோட்டந்தோட்டமாக ஏறி இறங்கினேன். முன்னேறியது, நடுத்தரம், பின்தங்கியது என்று மூன்று தரம். பின்தங்கிய ஊருக்குத்தான் முதலில் பாதை போடுவார்கள்.

குளம் எங்கே?

கேள்விகள் கொழும்பில் தயாரானவை. நெல் விளையும் ஊர்களை நினைத்து யாரோ எழுதியிருக்க வேண்டும். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தின் கீழ் டிவிசனில், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில் நின்ற ஒரு பெண்ணிடம், "பாசனக் குளம் எவ்வளவு தூரம்?" என்றேன். கேட்கும்போதே கூச்சமாக இருந்தது. இருந்தும் ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவள் தன் ஒற்றை அறைக் காம்பராவின் ஓட்டை விழுந்த கூரைத் தகரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மழ பேஞ்சா காம்பராவுக்குள்ளயே வந்துருதுங்க ஐயா. தூரமே இல்லன்னு எழுதிக்கிங்க."

வேன் ஏறிய பாதை

அதே தோட்டத்தின் மேல் டிவிசனுக்குப் பாதைதான் உயிர்ப் பிரச்சினை. நோயாளிகளையும் பிரசவத்துக்குப் போகிறவர்களையும் கம்பளியில் கிடத்தி, கீழே தார் ரோடு வரை தூக்கி வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வருகிற நாளை முன்கூட்டியே சொல்லி அனுப்பினோம். அதுதான் வினையாகிவிட்டது. வெளியாள் வருகிறான் என்றால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பழக்கம். அடித்திருந்தார்கள். மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டி, கொடியில் கிடந்த கிழிசல் துணிகளையும் ஒளித்திருந்தார்கள். போதாததற்கு ஊரே சேர்ந்து பள்ளங்களில் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பியிருந்ததால், எங்கள் வேன் குலுங்காமல் மேலே ஏறிவிட்டது.

வாகனம் போனால் பாதைக்கு முழு மார்க். ஊர் 'முன்னேறியது' ஆகிவிடும். தொழிற்சங்கத் தலைவர் முத்தையாவின் மகள் செல்வி, நிறைமாத வயிற்றோடு கேக் தட்டை நீட்டினாள். நான் எடுக்காமல் முத்தையாவிடம் திரும்பினேன். "ஏன் தலைவர் இப்படிச் செய்தீங்க? உள்ளதை உள்ளபடி விட்டிருக்கலாமே?" என்றேன்.

"நல்லா இருக்குங்களே! நம்ம வீட்டுக்கு வந்தவரு நொண்டிக்கிட்டுப் போனா யாருக்குங்க அவமானம்?"

கம்பளிப் பயணம்

நொண்டக்கூட முடியாமல்தான் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டியது. இறங்கும்போது, போட்ட மண்ணெல்லாம் எங்களுக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்தது. வேன் கானுக்குள் சரிந்தது. குதித்த எனக்குக் கணுக்கால் பிசகியது. முத்தையாவும் இன்னும் சிலரும் கம்பளியோடு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வளைவிலும் என்னையறியாமல் அலறினேன். முன்னால் பிடித்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் அசையாமப் படுங்க ஐயா. புள்ளத்தாச்சிங்களே சத்தம் போடாமத்தான் வருவாங்க."

மிச்சச் சுண்ணாம்பு

படுத்தபடியே 'பின்தங்கியது' என்று எழுதினேன். மேலதிகாரி என் காலைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார். கால் பிசகாமல் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன்? தெரியவில்லை. பாதை வர இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்துவிட்டது. செல்வி தலைப்பிரசவத்துக்குக் கம்பளியில்தான் போனாள். இரண்டாவதுக்கு வேனில் போனாள்.

பாதை முடிந்தபின் ஒருநாள் போனேன். அடிவாரத்தில் 'பின்தங்கிய கிராமப் பாதைத் திட்டம்' என்று நாங்கள் நட்ட பலகையில் முதல் சொல்லைக் காணவில்லை. அந்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. முத்தையாவைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்தார்.

"கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சம் கெடந்துச்சுங்க ஐயா."

அத்தனை ஊர்களைத் தரம் பிரித்த என்னைத் தரம் பிரிக்க இதுவரை யாரும் வரவில்லை. வருவதாக முன்கூட்டியே சொல்லி அனுப்பினால், நானும் சுண்ணாம்பு அடித்துத்தான் வைத்திருப்பேன்.