மூன்றாவது ஆள்

என் பெரியப்பா ஜன்னல் திரை தைப்பவர். ஃபோன் எழுத்து பொடியாகத் தெரிகிறதென்று, கடையின் சோஷியல் மீடியா பக்கத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்க ஆப் தேடினார். எது நல்லதென்று பிடிபடாமல் மூன்றைப் போட்டுவைத்தார். மனுஷன் ஒன்றையும் விடமாட்டார்.

"திரை எப்போ கிடைக்கும்?" என்று ஒரு வாடிக்கைக்கார அம்மா கேட்டது மூன்றிலும் மணியடித்தது. வேறு வேறு ஆட்கள் கேட்பதாக நினைத்த பெரியப்பா, பெயரைப் பார்க்காமலே முதல் ஆப்பில் "நாளைக்கு" என்றார். அடுத்ததில், "தச்சாச்சு, வளையம் மாட்டணும்." எரிச்சல் தலைக்கேறி மூன்றாவதில், "துணியே இன்னும் வெட்டலம்மா!"

பதில் வந்தது: "உங்க கடையில அந்த மூணாவது ஆள்தான் உண்மை பேசுறாரு. இனிமே அவரையே பேசச் சொல்லுங்க."

மற்ற இரண்டையும் அழிக்கப்போன பெரியப்பா, திருதிருவென்று விழித்து என்னிடம் கேட்டார்.

"ஏம்ப்பா, அந்த ஆளு இதுல எந்த ஆப்புல இருந்தான்?"