அம்மாவுக்கு ஆறில் ஒன்று

"தலையை ஆட்டாதீங்கக்கா. அடுத்த கணக்கைப் படிங்க" என்கிறார் அழகு நிலையக்காரம்மா, சாயக் கிண்ணத்தைக் கலக்கியபடி. நாற்காலியில் இருப்பவர் கையில் பத்திரிகை கிடையாது, கணக்குப் புத்தகம். பாதிச் சாயம் பூசிய தலையோடு அவரும் படிக்கிறார்: தொட்டியில் பாதியை ஒரு குழாயும், மூன்றில் ஒரு பங்கை இன்னொரு குழாயும் நிரப்பினால், காலியாக இருப்பது எவ்வளவு?

"ஆறுல ஒண்ணு! நேத்து ரிப்பனா வந்துச்சு, இன்னிக்குத் தொட்டி. வேஷம்தான் வேற, ஆள் அதேதான்" என்கிறார் நிலையக்காரம்மா. கீழே இருக்கும் எண்ணை ஆறாக்கிவிட்டால் இது மூன்று துண்டு, அது இரண்டு துண்டு, மிச்சம் ஒன்று. இதைப் பிடித்துவிட்ட நாளில் வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னார். "எல்லாத்தையும் ஒரே அளவு துண்டாக்கிட்டா வம்பே இல்லக்கா." அந்த உற்சாகத்தில் ஒருவரின் முன்முடி கொஞ்சம் குட்டையாகிவிட்டது.

நாற்பதைத் தாண்டிப் பள்ளித் தேர்வு எழுதுகிறார். தேறினால்தான் அழகுக்கலைப் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு மனுப் போட முடியும். மூளைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, இளகிய மனசுதான் காலை வாருகிறது. போன முறை வினாத்தாளில் ஒரு மனிதர் நிலத்தில் பாதியை மகனுக்கும், மூன்றில் ஒரு பங்கை மகளுக்கும் கொடுத்து, மீதியை மனைவிக்கு விட்டார். இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளுக்கு மூன்றில் ஒன்று என்று பிரித்து, "இதுதான் நியாயம்" என எழுதி அடிக்கோடும் போட்டார். அந்த ஒரு கணக்கில்தான் தேர்ச்சி கைநழுவியது.

"கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதும்மா. நீ பஞ்சாயத்து பண்ணப் போகல" என்று சொல்லித்தான் மகள் இந்த முறை அனுப்பினாள்.

வினாத்தாளில் இந்த முறை வந்தது கேக். அப்பாவுக்குப் பாதி, மகனுக்கு மூன்றில் ஒன்று, அம்மாவுக்கு மீதி.

"கை பரபரன்னு வந்துச்சுடி. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆறுல ஒண்ணுன்னு எழுதிட்டு வந்துட்டேன்."

தேறிவிட்டார். செய்தி வந்த மாலை, வீடே தலைகால் புரியாமல் குதித்தது. டாக்சி ஓட்டும் கணவர் பெரிய வட்டக் கேக்கோடு வந்து, தானே வெட்டக் கத்தியை எடுத்தார்.

"தள்ளுங்க, இது என் டிபார்ட்மெண்ட்."

சீப்பின் கூர்வாலால் வகிடெடுப்பவர் அதே நிதானத்தோடு ஆறு சம துண்டுகள் போட்டார். கணவர் தட்டில் ஒன்று. மகள் தட்டில் இரண்டு. பிறகு மிச்சப் பாதியை அட்டையோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஸ்பூனைத் தேடினார்.