ஒரு சுடு பொட்டாஷ்

உரக்கடைக்கு நோயாளி ஒருநாளும் நேரில் வருவதில்லை. அந்தச் செடியை வளர்ப்பவர்தான் வந்து சத்தம் போடுவார். புக்கிட் மெர்தாஜாமில் ஆறு வருடமாக இந்தச் சத்தம் கேட்கிறேன். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

பச்சை மயக்கம்

ஜுருவில் தொழிற்சாலை வேலை போனபிறகு, சரோஜா அக்கா குத்தகை நிலத்தில் மிளகாய் போட்டிருந்தார். தீபாவளிக்குள் காய் வந்தால் வாரா வாரம் எடுத்துக்கொள்வதாகச் சூலியா தெரு சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். வராவிட்டால் வேறு ஆள். அக்கா மூன்றாவது தடவையாக யூரியா கேட்டு வந்து, கைப்பேசியில் படம் காட்டினார். இடுப்புயரச் செடி, கரும்பச்சை இலை, ஒரு பூ கிடையாது. யூரியாவின் தழைச்சத்தை மட்டும் கொட்டினால் இலைதான் வளரும், காய்க்கப் பொட்டாஷின் சாம்பல்சத்தும் வேண்டும் என்றேன். யூரியா தர முடியாது என்று மறித்து நின்றேன். முதலாளி முறைத்தார்.

"இவ்ளோ பச்சையா இருக்குற செடிக்கு என்ன தம்பி குறை? உனக்குத்தான் கண்ணு டெஸ்ட் பண்ணணும்லா!"

போனில் சொன்ன அளவு

ஒருவழியாகப் பொட்டாஷ் வாங்கிப் போனவர், மறுநாள் காலை போனில் அளவு கேட்டார். வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. கரண்டிக்கு இங்கே மலாய் மொழியில் 'சுடு' என்போம். "வாளிக்கு ஒரு சுடு, தண்ணியில கலந்து ஊத்துங்க" என்று கத்தினேன். 'சுடு'வுக்கும் 'தண்ணி'க்கும் நடுவே நான் விட்ட மூச்சு அவருக்குக் கேட்கவில்லை. கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு வரிசை முழுக்க ஊற்றிவிட்டார். மதியம் போய்ப் பார்த்தால், பத்துச் செடிகள் வதக்கிய கீரையாகக் கிடந்தன. தப்பு என்னுடையது, வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீதானே தம்பி சுடுதண்ணின்னு சொன்னே? எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு, ஆனா நீ படிச்சவனாச்சே!"

முதல் கூடை

மீதிச் செடிகளை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். வாரம் இருமுறை மோட்டார்சைக்கிளில் போய், நானே அளந்து கலந்து கொடுத்தேன். அக்காவின் கை பழைய யூரியா மூட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் தடுத்தேன். மூன்றாவது வாரம் பூத்தது. தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் முதல் கூடை பறித்தோம். சூலியா தெருவுக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் ஒரு காயைக் கடித்தார். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

"ஒரு கூடை எனக்கு எந்த மூலைக்கும்மா? அடுத்த வாரம் ரெண்டா கொண்டாங்க!"

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: வேண்டாத மூட்டையை விற்க மறுப்பவனிடம் வாடிக்கையாளர்கள் நிலைப்பார்கள், சம்பள உயர்வு மட்டும் எட்டிப் பார்க்காது.